குறட்டையும் இருதயமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினராகிய வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இம்மாதக் கூட்டத்தின் விஷயம் குறட்டை என்று காரியதரிசி அவர்கள் அறிக்கையில் அச்சிட்டபோது நம்மவரிற் சிலர் நகைத்ததாகக் கேள்விப்பட்டேன். நகைத்தவர்கள்மேல் எனக்கு வருத்தம் சிறிதுமில்லை. முப்பது வருஷங்களுக்கு முன் நானும் அவ்வாறு நகைத்தவனே. அந்நகைப்புக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை இன்னதென்று பின்னர் உணர்ந்தேனாகையால், அதை உங்கள்முன் சொல்லியே தொடங்குகிறேன்.

எங்கள் குடும்பத்தில் தலைச்சன் என் தமையனார். கடை வியாபாரம். பருத்த தேகி, கழுத்தும் குட்டை. கலியாண வீடுகளில் அவர் சத்திரத்துக் கூடத்திற் படுத்தாராகில் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்கள். அவருடைய குறட்டையில் ஒரு விசேஷம் உண்டு. ஓங்கி ஓங்கி ஒலித்துவந்தது திடீரென்று நின்றுபோகும். கூடம் முழுவதும் நிசப்தமாகும். சிறுவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். பதினைந்து, இருபது என்று எண்ணி வருகையில், தண்ணீரில் மூழ்கியவன் தலை தூக்கினாற்போல ஒரு பெருஞ்சீறலுடன் மூச்சு மீளும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். 1990-ல் ஒரு கலியாணத்தில் நானும் அச்சிறுவர்களோடு உட்கார்ந்து எண்ணினேன். அப்பொழுது நான் வைத்தியப் பட்டம் பெற்றுப் பல வருஷமாயிற்று என்பதை இச்சபையில் ஒளிக்கப்போவதில்லை.

அதற்குப் பின் சில வருஷங்களில் தமையனாருக்கு இரத்தக் கொதிப்பு ஏறிற்று. எந்த மருந்துக்கும் சரியாய் இறங்கவில்லை. பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்கிற்று. மாலை வேளைகளிற் கால் வீங்கிற்று. இருதயம் தளர்ந்துவிட்டதென்று கண்டறிந்து மருந்து கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். இரவில் அவர் எவ்வாறு உறங்குகிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மதினியார் சொல்லியிருப்பார். 1996-ல் தமது ஐம்பத்தாறாவது வயதில் அவர் காலஞ்சென்றார்.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

முதலாவது, இருதயத் தளர்வு என்பதையும் மாரடைப்பு என்பதையும் நம்மவர் ஒன்றாகக் கருதுகிறார்கள். மாரடைப்பு என்பது இருதயத்துக்கு இரத்தங்கொடுக்கும் குழாய் சட்டென அடைபடுவது. ஹார்ட் பெயிலியர் என்று வைத்தியர் கூறும் இருதயத் தளர்வோ, இருதயம் நின்றுபோவதன்று. தேகத்துக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைக்க மாட்டாமல் அது சோர்ந்துபோவது. ஓய்ந்திருக்கையிலேயே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இறைக்கவேண்டிய யந்திரம் அது. இறைப்புக் குறைந்தால் பின்னே நீர் தேங்கும். சுவாசப்பையில் தேங்கினால் மூச்சுத் திணறல். காலில் தேங்கினால் வீக்கம்.

இரண்டாவது, நித்திரையில் மூச்சடைப்பு. இதனை ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். கிரேக்க பாஷையில் ஆப்னியா என்றால் மூச்சின்மை. உறங்கும்போது தேகத்தின் தசைகள் யாவும் தளருகின்றன. தொண்டைத் தசைகளும் அவ்வாறே. சிலருக்குத் தொண்டை வழி இயல்பிலேயே ஒடுங்கியிருக்கும், அல்லது கழுத்துக் கொழுப்பினால் ஒடுங்கியிருக்கும். தசை தளர்ந்து அடிநாக்கு பின்சரியும்போது அவ்வழி முதலில் அதிருகிறது, அதுவே குறட்டை. பின்பு முற்றிலும் மூடிக்கொள்ளுகிறது. அதுவே அந்த நிசப்தம். பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுவது வைத்தியர் வழக்கம். முழுத்தடையும் அரைத்தடையும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 வரை இருப்பின் இலேசானது. 30-க்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு முப்பதென்றால் ஏழு மணி நேர நித்திரையில் இருநூற்றுப் பத்து முறை மூச்சு நிற்கிறதென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். குறட்டை விடுவோர் எல்லாருக்கும் இந்நோய் உண்டென்று நான் சொல்லவில்லை. இடையிடையே அறுபடும் குறட்டையே ஐயத்துக்குரியது.

இவ்வாறு தொண்டை மூடியிருக்கும் சமயத்தில் இருதயத்துக்கு என்ன நேரிடுகிறதென்பதுதான் இன்றைய பேச்சின் உயிர்நிலை. வழி மூடியிருப்பதை மார்பு அறியாது. அது காற்றை இழுக்க மேலும் மேலும் முயலுகிறது. காற்று வரவில்லை, ஆனால் மார்புக் கூட்டினுள் ஓர் உறிஞ்சு விசை உண்டாகிறது. அவ்விசை இருதயத்தின் சுவரை வெளிப்புறமாக இழுக்கிறது. சுருங்கி இரத்தத்தைத் தள்ளவேண்டிய இருதயமோ அவ்விழுப்பையும் எதிர்த்தே சுருங்கவேண்டியதாகிறது. நமது பெரியோர் கவலை இறைத்தவர்கள். அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சால் நிரம்பி மேலேறும்போது ஒருவன் மாட்டை வாலைப் பிடித்துப் பின்னுக்கிழுத்தால் அந்த மாடு என்ன பாடுபடும்! அதன்மேல், இரத்தத்திற் பிராணவாயு குறைகிறது, கரியமிலவாயு மிகுகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குகிறவனைக் கணப்பொழுது எழுப்புகிறது. எழுந்தது அவனுக்குத் தெரியாது; காலையில் நினைவும் இராது. ஆனால் அந்த நொடியில், புலியைக் கண்டவனுக்குப்போல நரம்புகள் முறுக்கேறி, இரத்தக் குழாய்கள் இறுகி, இரத்தக் கொதிப்பு மேலே பாய்கிறது. சுகதேகிக்கு இரவில் இரத்தக் கொதிப்பு பத்திலொரு பங்காவது இறங்கவேண்டும். இருதயத்துக்கு அதுவே ஓய்வு. இவனுக்கோ அந்த ஓய்வு இல்லை. வருஷக்கணக்கில் இவ்வாறு நடந்தால் இருதயத்தின் சுவர் தடிக்கிறது. மேலறைகள் விரிந்து நாடி ஒழுங்கு தப்புகிறது. முடிவில் இறைப்பே தளருகிறது.

இஃது ஊகமன்று. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை வீட்டிலேயே உறங்கவைத்துச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2001-ல் வெளியாயிற்று. மூச்சுத்தடை மிகுந்த நாலிலொரு பகுதியினருக்கு, மிகக் குறைந்த நாலிலொரு பகுதியினரைவிட இருதயத் தளர்வு இருப்பதற்கான சாத்தியம் 2.38 மடங்கென்று அதிற் கண்டார்கள். அதே கூட்டத்தாரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2010-ல் வெளியிட்டதில், மணிக்கு முப்பதும் அதற்கு மேலும் தடையுள்ள ஆண்களுக்குப் புதிதாக இருதயத் தளர்வு நேரிடுவது, தடையற்றவர்களைவிட நூற்றுக்கு 58 அதிகமாயிருந்தது. பெண்களிடத்தில் அச்சம்பந்தம் அவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை. அதனாற் பெண்களுக்கு இந்நோய் இல்லையென்று கொள்ளலாகாது. மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் இது பெருகுகிறது.

கதைப்போக்காக ஒருவரைக் குறிப்பிடலாம். 1909 முதல் 1913 வரை அமெரிக்கக் குடியரசின் தலைவராயிருந்த வில்லியம் ஹோவர்ட் டாப்ட் என்பவர் ஏறக்குறைய 340 ராத்தல் எடையுள்ளவர். சபை நடுவிலும் பேச்சு நடுவிலும் உறங்கிவிடுவார். பதவி நீங்கியபின் சுமார் 70 ராத்தல் இளைத்தார். அந்தப் பகல் உறக்கமும் அவரை விட்டது. பிறகு அந்நாட்டின் பிரதம நீதிபதியாகவும் அமர்ந்து, 1930-ல் இருதய நோயாற் காலஞ்சென்றார். அவருக்கு இருந்தது இந்நோயே என்று ஜான் சோட்டோஸ் என்னும் இருதய வைத்தியர் 2003-ல் எழுதினார். ஒரு தேசத்தின் தலைவர் நூற்றுக்கணக்கானவர் கண்முன் உறங்கியும் அதை நோயென்று அக்காலத்தில் ஒருவரும் எண்ணவில்லை. அப்படியிருக்க, சத்திரத்துக் கூடத்திற் படுத்த ஒரு வியாபாரியை யார் கவனிக்கப்போகிறார்கள்?

இதுவரை மூச்சடைப்பு இருதயத்தைக் கெடுப்பதைச் சொன்னேன். இனி மறுதலையாக, தளர்ந்த இருதயம் மூச்சைக் கெடுப்பதும் உண்டு. 1818-ல் டப்ளின் நகரத்து ஜான் செய்ன் என்னும் வைத்தியர் ஒரு விந்தையை எழுதிவைத்தார். அறுபது வயது நோயாளி ஒருவரின் மூச்சு முற்றும் நின்று, கால் நிமிஷங்கழித்து மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஓங்கி, மறுபடி தாழ்ந்து நின்றுபோகும். அந்நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-ல் இதனைப் பலவீனமான இருதயத்தோடு சேர்த்து விளக்கினார். இன்றும் அவ்விருவர் பெயராலேயே இந்தச் சுவாசம் வழங்குகிறது. இங்கே தொண்டை மூடவில்லை. மூச்சுவிடு என்னும் கட்டளையே மூளையிலிருந்து வரவில்லை. காரணம் யாதெனில், சுவாசப்பையில் நீர் தேங்குவதால் நோயாளி வேகமாக மூச்சு விடுகிறான். கரியமிலவாயு மிதமிஞ்சிக் கழிந்துபோகிறது. அது குறைந்தால் மூளைக்கு மூச்சுவிடும் தூண்டுதல் இல்லை. அன்றியும், தளர்ந்த இருதயம் இரத்தத்தை மெதுவாய் அனுப்புவதால், சுவாசப்பையின் செய்தி மூளைக்குத் தாமதித்தே போய்ச் சேருகிறது. தாமதித்த செய்தியைக் கொண்டு நடத்தும் எந்தக் காரியமும் ஒரு பக்கம் மிஞ்சும், மறுபக்கம் குறையும். வெளியூர்க் கடையைத் தபால் மூலம் நடத்தியவர்கள் இதை அறிவார்கள்.

இன்னொன்று. பகலிற் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் மேல்நோக்கி நகர்ந்து கழுத்தையும் சேருகிறது. தொண்டை வழி பின்னும் ஒடுங்குகிறது. ஆகவே ஒரு நோய் மற்றொன்றை வளர்க்க, வளர்ந்தது முந்தினதை வளர்க்கிறது. இருதயத் தளர்வுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருவகையில் ஏதேனும் ஒரு மூச்சுத்தடை இருப்பது இதனாலேதான். இவர்கள் பலருக்குப் பகல் உறக்கம் அதிகம் தெரிவதுமில்லை. ஆதலால் தூங்கிவழியவில்லையே என்று தைரியங்கொள்ள வேண்டாம்.

சிகிச்சையைப்பற்றிச் சுருங்கச் சொல்லுகிறேன். 1981-ல் சிட்னி நகரத்து காலின் சல்லிவன் என்பவர், மூக்கின் வழியே இடைவிடாமற் சிறிது அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, அக்காற்றையே தொண்டைக்கு முட்டுக்கொடுக்கச் செய்து, ஐந்து நோயாளிகளிடம் அடைப்பு நீங்குவதைக் காட்டினார். சீபாப் என்று இப்போது வழங்கும் கருவி அதுவே. 2003-ல் டொராண்டோ வைத்தியர்கள் இருவகை நோயும் சேர்ந்த 24 பேரைச் சோதித்தார்கள். கருவியணிந்தவர்களுக்கு, இருதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தம் ஒரே மாதத்தில் நூற்றுக்கு 25 பங்கிலிருந்து சுமார் 34 பங்காக உயர்ந்தது. ஆயினும் மிகைபடக் கூறலாகாது. முன்பே இருதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரைக் கொண்டு நடத்தி 2016-ல் வெளியான பெரிய பரீட்சையில், கருவியினால் மாரடைப்பு முதலியன குறைந்ததாகக் காணவில்லை. அவர்கள் சராசரி இரவுக்கு 3.3 மணி நேரமே அதை அணிந்தார்கள். பாதி இரவு மட்டும் போர்த்திய போர்வை மீதி இரவின் குளிரைத் தடுக்குமா என்பது என் கேள்வி. எனினும் முடிவு முடிவுதான். மூளையின் கட்டளை தவறும் வகைக்கு வேறொரு கருவி செய்தார்கள். 2015-ல் அதன் பரீட்சை முடிந்தபோது, இருதயம் மிகத் தளர்ந்த அந்நோயாளிகளில் இருதயத்தால் நேரும் மரணம் அக்கருவியை அணிந்தவர்களிடத்தில் நூற்றுக்கு 34 அதிகமாயிருந்தது கண்டு திகைத்தார்கள். ஆனபடியால், எந்த வகை நோயென்று சோதித்தறியாமல், அயல்வீட்டார் வாங்கினாரென்று நாமும் கருவி வாங்கிவிடக்கூடாது. பருத்தவர் இளைப்பதும், மல்லாந்து படாமல் ஒருக்களித்துப் படுப்பதும், மதுவையும் தாமாக வாங்கும் தூக்க மாத்திரையையும் விடுவதும், இருதய மருந்துகளைத் தவறாமல் உண்பதும் எல்லாருக்கும் நன்மையே. ஒல்லியானவர்க்கும் இந்நோய் வரும். தாடை அமைப்பும் இதற்கொரு காரணம்.

இனி என் குடும்பக் கதையின் மிச்சம். 2018-ல் ஒரு நாள் என் மதினியார் அதிகாலையில் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகனுக்கு அப்போது நாற்பது வயது. “தம்பி, மூன்று ராத்திரியாக நான் தூங்கவில்லை. இவன் படுத்திருக்கும் அறை வாசலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். அவன் அப்பாவைப்போலவே மூச்சை நிறுத்துகிறான்” என்றார். ஒரு காகிதத்தில், மணி இன்னது, எத்தனை விநாடி என்று பென்சிலாற் குறித்திருந்தார். பையனோ, “சித்தப்பா, எனக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்குத்தான் உறக்கம் வரவில்லை” என்று சிரித்தான். இம்முறை நான் சிரிக்கவில்லை. நித்திரைச் சோதனையில் மணிக்கு 41 தடைகள் கண்டன. இருதயம் அதுவரை கெடவில்லை. இரத்தக் கொதிப்பு மாத்திரம் ஏறியிருந்தது. கருவியைப் பழக்கிக்கொள்ள அவனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. இருமுறை வீசியும் எறிந்தான். இப்பொழுது வெளியூர் போனாலும் பெட்டியில் அதைத்தான் முதலில் வைக்கிறான். மதினியாரின் அந்தக் காகிதத்தை நான் பத்திரமாய் வைத்திருக்கிறேன். இந்நோயைப்பற்றி நான் படித்த புத்தகங்களில் அதைப்போல் தெளிவானது வேறில்லை.

உறங்குகிறவன் தன் நோயைத் தானறியான், அருகிலிருப்பவரே சாட்சி. உங்கள் இல்லத்தில் யாருக்கேனும் குறட்டை இடையில் அறுபட்டுச் சீறலுடன் மீளுமாயின், காலையில் தலைவலியும் நாவறட்சியும் இருக்குமாயின், மூன்று மருந்துண்டும் இரத்தக் கொதிப்பு இறங்காதிருக்குமாயின், ஓர் இரவு கடிகாரத்தோடு அருகே உட்காருங்கள். கைப்பேசியில் அவ்வொலியைப் பதிவும் செய்யலாம். அதை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அக்கிராசனர் அவர்கள் கேள்விகளுக்கு அரைமணி நேரம் அனுமதித்திருக்கிறார்கள். முதலில் தாய்மார்கள் கேட்கும்படி வேண்டுகிறேன். கணவன்மார்கள் நடுவில் மறுத்துப் பேசவேண்டாம். அச்சமயத்தில் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.