காட்டுக்கு உரம் போட்டால் கட்டுபடியாகுமா?



போன மாதம் வீட்டுக் கடன் வட்டி பற்றிப் பேசினேன். இந்த மாதம் அதே வட்டிக் கணக்கைக் காட்டுக்குள் கொண்டுபோகிறேன்.

நான் கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளர்களில் ஒரு நோர்வே விவசாயி இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சொந்தமாகக் கொஞ்சம் காடு உண்டு. கிரான் மரமும் ஃபூரு மரமும். ஒருநாள் ஒரு செலவு மதிப்பீட்டோடு வந்து, "காட்டுக்கு உரம் போடச் சொல்கிறார்கள், கட்டுபடியாகுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெல்லுக்கு யூரியா போட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். காட்டுக்கு யார் உரம் போடுவார்கள்?

ஆனால் விசயம் உண்மைதான். நோர்வே, சுவீடன் காடுகளில் மண் குளிர்ந்தது. விழுந்த ஊசியிலைகள் உக்குவதற்கு நெடுங்காலம் எடுக்கும். அதனால் மண்ணில் நைதரசன் இருந்தும் மரத்துக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை. ஹெக்டயருக்கு ஏறத்தாழ 150 கிலோ நைதரசன் வரும்படி உரத்தை ஹெலிகொப்டரிலிருந்து தூவுவார்கள். பொருத்தமான நிலமாக இருந்தால், அடுத்த 7 முதல் 10 வருடங்களில் ஹெக்டயருக்கு 10 முதல் 20 கன மீற்றர் வரை மரம் கூடுதலாக வளரும். அதன்பின் உரத்தின் வேலை முடிந்துவிடும்.

இனி கணக்கு. விளங்குவதற்காக வட்டமான எண்களை எடுக்கிறேன், வரியைச் சேர்க்கவில்லை. ஒரு ஹெக்டயருக்குச் செலவு 4000 குரோணர். கூடுதல் மரம் 15 கன மீற்றர். வெட்டுக்கூலி போக ஒரு கன மீற்றருக்கு 400 குரோணர் கையில் நிற்கிறது. வரவு 6000 குரோணர்.

"ஒன்றரை மடங்கு!" என்று முதியவர் சந்தோசப்பட்டார். "பொறுங்கள், எப்போது வெட்டுவீர்கள்?" என்று கேட்டேன்.

உரம் போட்டுப் பத்தாம் வருடம் வெட்டினால், வருடத்துக்கு 4 வீத வட்டி. இருபத்தைந்தாம் வருடம் வெட்டினாலும் கூடுதல் வரவு அதே 6000தான். வட்டியோ 1.6 வீதமாக இறங்கிவிடும். ஆகவேதான் வெட்டுவதற்குப் பத்து வருடத்துக்கு முன் போடுவதே நல்லது என்கிறார்கள். எங்கள் வயலில் மூன்றரை மாதத்தில் பதில் தெரிந்துவிடும். காடு பத்து வருடம் காக்க வைக்கும்.

இன்னொரு விசயம். வளரும் மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுப்பதால், நோர்வே அரசு 2016இல் காட்டு உரத்துக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. நமது கணக்கில் 1000 குரோணர் மானியம் கிடைத்தால் கைக்காசு 3000தான். அது பத்து வருடத்தில் 6000 ஆகிறது. வட்டி 7 வீதத்துக்கு மேல்.

ஆனால் எல்லா நிலமும் ஒன்றல்ல. ஏற்கனவே வளமான மண்ணில் பலன் குறைவு. சதுப்பு நிலத்தில் போடுவது வீண். ஆறு, ஏரிக் கரைகளில் இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் உரம் தண்ணீரில் கலந்துவிடும். உரம் போடாவிட்டாலும் மரம் வளரும் என்பதையும் மறக்கக் கூடாது. வெட்டிய மரம் முழுவதையும் உரத்தின் வரவில் எழுதினால் அது பொய்க் கணக்கு.

கடைசியில் நான் அவருக்குச் சொன்னது: "ஐயா, வெட்டப் போவது நீங்கள் அல்ல, உங்கள் மகன். முதலில் அவரைக் கேளுங்கள்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த கிழமை மகனோடு வந்தார். மேல்பக்கக் காட்டை வெட்டும் எண்ணமே தனக்கில்லை என்றார் மகன். தகப்பனுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் உரம் போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நடுவில் ஒரு துண்டு நிலத்தை உரமில்லாமல் விட்டார்கள்.

நேயர்களே, பிள்ளைகளுக்காக என்று நாமும் ஊரில் காணி, இங்கே வீடு என்று காசைப் போடுகிறோம். அது அவர்களுக்கு எப்போது தேவை, தேவைதானா என்று ஒருமுறை அவர்களையே உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தப் பதில் இல்லாமல் எந்தக் கணக்காளராலும் வட்டி சொல்ல முடியாது.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.