முதலாளி ஒரு நாட்டில், நாம் ஒரு நாட்டில்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கடல் கடந்து பிழைப்பது நம் இராமநாதபுரம் சீமைக்குப் புதிதல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று கொழும்புக்குப் போனார்கள். பின்னர் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா. கீழக்கரையிலும் தொண்டியிலும் இந்தக் கதை இல்லாத தெரு உண்டா?

ஆனால் அன்று முதலாளி எந்த ஊரோ, வேலைக்காரரும் அதே ஊர். விசா எடுத்தவரும் சம்பளம் கொடுத்தவரும் ஒருவரே. 2020 கொரோனாவுக்குப் பிறகு இது வெகுவாக மாறிவிட்டது. கோலாலம்பூரில் குடியிருந்துகொண்டு லண்டன் கம்பெனிக்கு வேலை பார்க்கலாம். "லேப்டாப் இருந்தா போதும்ணே, எங்கே இருந்தா என்ன?" என்கிறார்கள் தம்பிகள். அங்கேதான் சிக்கல். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எங்கே இருந்து வேலை செய்தாய் என்பதைத்தான் சட்டம் முதலில் கேட்கும்.

முதலாவது, விசா. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது பல நாடுகளில் குற்றம். இதற்கென்றே துபாய் 2020-இலும், மலேசியா 2022-இலும் தனி அனுமதிகளைக் கொண்டுவந்தன. குறைந்தபட்ச வருமானத்தைக் காட்டினால்தான் கிடைக்கும்.

இரண்டாவது, வரி. பெருநாளுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வருகிறோம். அம்மா கைச்சோறு சாப்பிட்டுக்கொண்டே இரண்டு மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கிறோம். இங்கே உட்கார்ந்து உழைத்த நாட்களின் சம்பளம் இந்திய வருமானமாகிவிடும். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே தங்கினால் வெளிநாட்டுச் சம்பளமும் இந்திய வரிக்கணக்கில் வரக்கூடும். சிலருக்கு அதைவிடக் குறைந்த நாளிலேயே வரக்கூடும். எனவே வந்த தேதி, போன தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். வெளிநாட்டில் குடியேறியதும் உள்ளூர் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. துபாய் நிறுவனத்தில் முறைப்படி வேலை என்றால், முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். தூரத்து முதலாளி பெரும்பாலும் உங்களை 'ஒப்பந்தக்காரர்' என்றே எழுதுவார். பணிக்கொடை இல்லை, லீவுச் சம்பளம் இல்லை, காய்ச்சல் வந்தால் மருத்துவச் செலவும் நம்முடையதே. அதையெல்லாம் கணக்கிட்டுத்தான் சம்பளம் பேச வேண்டும்.

காகிதத்தின் அருமை நம் மண்டபத்துக்குத் தெரியும். இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த பல லட்சம் தமிழர்களை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டார்கள். அப்படித் திரும்பியவர்கள் மண்டபம் முகாமில்தான் வந்து இறங்கினார்கள். உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. உரிமைக்குச் சாட்சியாகக் காட்ட அவர்கள் கையில் காகிதம்தான் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் "சம்பளம் எவ்வளவுப்பா?" என்று கேட்கிறோம். அதோடு நிறுத்தாமல், "விசா எந்த வகை? லீவு உண்டா? இன்ஷூரன்ஸ் யார் கட்றது?" என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், கையெழுத்துப் போடும் முன் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.