மா பிசையும் சின்னக் கைகள்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் பேசியது)



இன்றைக்கு நான் பேசப்போவது சமையலைப் பற்றி. "சமைக்க எங்களுக்குத் தெரியாதா?" என்று பின்னால் யாரோ சிரிக்கிறது கேட்குது. சமையல் சொல்லித்தர நான் வரவில்லை. சமைக்கும்போது உங்கள் சின்னப் பிள்ளையையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

முதலில் என் வீட்டுக் கதை. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். தம்பிக்கு மூன்று வயசு இருக்கும்போது அடுப்பில் இருந்த கேத்தலை இழுத்துவிட்டான். கையில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கு. அதற்குப் பிறகு அம்மா எங்களைக் குசினிப் பக்கமே விடவில்லை. அவர் பயந்ததில் பிழை இல்லை. ஆனால், தட்டில் வந்ததைத் தின்றோமே தவிர, அது என்ன, எப்படி ஆனது என்று அறியாமலே வளர்ந்தோம். தம்பி கீரையைக் கண்டாலே எழும்பி ஓடுவான்.

2016ஆம் ஆண்டு எடுத்த அரசாங்கக் கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 17 பேர் அளவில் வயசுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது 32 பேர் அளவில் இருந்தது. இதற்குச் சம்பளம், தண்ணீர், கர்ப்பத்தில் தாயின் பலவீனம் என்று பல காரணம் உண்டு. பிள்ளை மா பிசைவதால் அதெல்லாம் மாறிவிடாது. அதையும் நாம் பேசத்தான் வேணும். ஆனால் கையில் கிடைக்கிற கீரையையாவது பிள்ளை தின்ன வேண்டாமா?

நம்ம பிள்ளைக் காம்பராவில் நாலு வயசுப் பையன் ஒருவன் வல்லாரையைத் தொடவே மாட்டான். ஒருநாள் அவனையே தோட்டத்தில் பறிக்கச் சொன்னேன். கழுவினான், ஆய்ந்தான், சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தான். "நான் செஞ்சது" என்று சொல்லி இரண்டு வாய் தின்றான். முதல் நாளே எல்லாப் பிள்ளையும் தின்னாது. பத்துத் தடவை காட்ட வேண்டி வரும். சலிக்காதீர்கள். தேசிக்காய்ப் புளி கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் அதைக் கெடுத்துவிடும்.

வயசுக்கேற்ற வேலை கொடுங்கள். இரண்டு வயசுப் பிள்ளை கீரை ஆயட்டும். மூன்று, நாலு வயசில் ரொட்டிக்குத் தேங்காய்ப்பூவும் மாவும் சேர்த்துப் பிசையட்டும். ஐந்து வயசில் அரிசியைச் சுண்டால் அளக்கட்டும். "ஒன்று, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் அதுவே கணக்குப் பாடம். "மெதுவா இருக்கா? புளிக்குதா?" என்று கேளுங்கள், பேச்சும் வளரும். பிசைகிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிறது.

பயத்தையும் மறக்கக் கூடாது. அடுப்பருகில் வேண்டாம். இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார வையுங்கள். கத்தி, திருவலை, கொதிதண்ணி எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேணும். பச்சை மாவை வாயில் வைக்க விடாதீர்கள். மூன்று வயசுக்குள் பயறு, பருப்பைக் கையில் கொடுக்காதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய் பூச வேண்டாம். ஓடும் தண்ணியில் 20 நிமிஷம் பிடித்துவிட்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள்.

"மலையில் இருந்து வந்து, கூடையை இறக்கவே நேரமில்லை, இதில் பிள்ளையோட மா பிசையறதா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். தினமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரொட்டி போதும். அம்மாதான் செய்ய வேணும் என்றும் இல்லை. அப்பாமாரே, நீங்களும் உட்காரலாம். பொம்பளைப் பிள்ளையை மட்டும் கூப்பிடாமல் பையனையும் கூப்பிடுங்கள்.

அந்த ரொட்டி வட்டமாக வராது, இலங்கைப் படம் மாதிரி வரும். வரட்டும். அதைச் சிரித்துக்கொண்டு முதலில் நீங்கள் தின்னுங்கள்.

என் தம்பியின் மகள் இப்போது கீரை ஆய்கிறாள். மகள் ஆய்ந்த கீரையை வேணாம் என்று சொல்ல முடியாமல், தம்பியும் தின்கிறான்.