காற்றும் காதும்



தீவகத்து மக்களுக்குக் காற்றைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களிற் பிறந்தவர்கள் காற்றின் பெயர்களைத் தாய்மொழியின் முதற் சொற்களோடு சேர்த்தே கற்றுக்கொள்கின்றனர். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். மாரியில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். பாய் விரிப்பதும், வலை வீசுவதும், படகு புறப்படுவதும், புறப்படாமல் நிற்பதும் இக்காற்றுகளின் இசைவைப் பொறுத்தே நம் முன்னோர்க்கு அமைந்தன.

காற்றினாற் படகு கவிழும், கூரை பறக்கும், வேலி சாயும் என்பவற்றை நாம் அறிவோம். ஆனால் காற்று மனிதனின் காதையும் மந்தமாக்க வல்லது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார்ச் சைக்கிளில் நாள்தோறும் நெடுந்தூரஞ் செல்வோரின் செவிப்புலனைக் காற்றொலி எவ்வாறு தாக்குகின்றது என்பதையும், அதிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகள் எவை என்பதையும் இன்று உங்களுடன் பேச விழைகின்றேன்.

இப்பொருள் நமக்கு ஏன் வேண்டியது என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும், அங்கிருந்து மற்றுமொரு தாம்போதியாற் புங்குடுதீவுக்கும், அதன் எல்லையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் காலையிற் செல்வோரைப் பாருங்கள். ஆசிரியர்கள், கிராம அலுவலர், தாதியர், வங்கி ஊழியர், வணிகர் எனப் பலரும் மோட்டார்ச் சைக்கிளிலேயே செல்கின்றனர். வழி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதில் தாம்போதிப் பகுதிகளில் இருபுறமும் நீர்ப்பரப்பு. ஒரு மரமில்லை, ஒரு மதிலில்லை. கடலிலிருந்து வருங் காற்று தடையின்றி வந்து தலையில் மோதுகின்றது.

காற்றுக்குத் தனக்கென ஒரு குரல் இல்லை. ஏதேனும் ஒரு பொருளில் மோதும்போதே அது குரல் பெறுகின்றது. தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் நம் சிறுவர் ஏற்றும் பட்டங்களில் விண் கட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வளைத்த வில்லில் நாண்போல இறுகக் கட்டிய நாடாவைக் காற்று தழுவிச் செல்லும்போது நாடா அதிர்கின்றது. அவ்வதிர்வு ஊரெங்குங் கேட்கும் முழக்கமாகின்றது. மின்கம்பி காற்றில் முனகுவதும் இதற்கு உறவான செயலே. கம்பியின் பின்புறத்தே காற்று சிறுசிறு சுழிகளாகப் பிரிந்து செல்வதால் அவ்வொலி எழுகின்றது. காற்றின் வேகத்துக்கும் கம்பியின் பருமனுக்கும் ஏற்ப அதன் சுருதி மாறுவதைச் செக் நாட்டு அறிஞர் ஸ்ட்ரூஹால் 1878 ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார்.

மோட்டார்ச் சைக்கிளிற் செல்பவரின் தலையும் காற்றுக்கு ஒரு தடையே. தலைக்கவசத்தின் விளிம்பிலும், முகக்கண்ணாடியின் இடுக்கிலும், நாடிக்குக் கீழேயுள்ள திறந்த வெளியிலும் காற்று சிதறிச் சுழிகளாகின்றது. பட்டத்தின் விண் வானத்தில் முழங்குகின்றது. இந்த விண்ணோ நம் காதுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் முழங்குகின்றது. வேறுபாடு அவ்வளவே.

இங்கே நினைவிற் கொள்ள வேண்டிய முக்கியமான உண்மையொன்று உண்டு. காற்றொலியைத் தீர்மானிப்பது வண்டி தெருவில் ஓடும் வேகம் மாத்திரமன்று. தலைக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேகமே. ஒருவர் 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறார் என்று கொள்வோம். எதிரே 25 கிலோமீற்றர் வேகத்திற் சோளகம் வீசுமானால், அவர் காது உணர்வது 75 கிலோமீற்றர் வேகக் காற்றையே. அதே காற்று பின்னாலிருந்து வீசுமானால் உணர்வது 25 கிலோமீற்றர் மாத்திரமே. குறிகட்டுவான் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே இருப்பதாற் சோளக காலத்திற் காலைப் பயணம் எதிர்காற்றிலும், மாலைப் பயணம் பின்காற்றிலும் அமைகின்றன. வாடைக் காலத்தில் இது தலைகீழாக மாறுகின்றது. வேகமானியை மட்டும் பார்த்து, “நான் மெதுவாகத்தானே செல்கிறேன்” என்று ஆறுதல் கொள்வது ஆகாது. காற்றின் வேகம் இரட்டித்தால் ஒலியின் வலு இரட்டிப்பதோடு நில்லாது முப்பது மடங்குக்கு மேலும் பெருகும்.

இனி அளவுகளைப் பார்ப்போம். ஒலியைத் தெசிபெல் என்னும் அலகால் அளப்பர். இவ்வளவையில் 3 தெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும். 10 கூடினாற் பத்து மடங்காகும். இங்கிலாந்தில் 1990களிற் செய்யப்பட்ட அளவீடுகளின்படி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் தலைக்கவசத்தினுள்ளே காதருகில் ஏறத்தாழ 90 தெசிபெல் ஒலி இருக்கின்றது. 160 கிலோமீற்றரில் அது 110 ஆக உயர்கின்றது. ஏறத்தாழ 65 கிலோமீற்றருக்கு மேல் எந்திரத்தின் ஒலியைவிடக் காற்றின் ஒலியே மேலோங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் வகுத்த வரையறையோ, 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் மட்டுமே கேட்கலாம் என்கின்றது. ஒவ்வொரு 3 தெசிபெலுக்கும் இக்காலம் பாதியாகக் குறைகின்றது: 88 க்கு 4 மணி நேரம், 91 க்கு 2 மணி நேரம், 94 க்கு 1 மணி நேரம். நாம் முன்னர் கூறிய 75 கிலோமீற்றர் காற்றில் ஒலி ஏறத்தாழ 94 தெசிபெலை எட்டும் என்று கணக்கிடலாம். குறிகட்டுவானுக்குச் செல்லும் ஒரு வழிப் பயணத்திலேயே அன்றைய அளவிற் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகின்றது. நெடுந்தீவுக்குப் போகிறவர் அதன்பின் படகின் எந்திரத்துக்கு அருகிலும் இருக்க நேர்ந்தால், அவர் செவிக்கு ஓய்வே இல்லை.

மிகுந்த ஒலி காதில் என்ன செய்கின்றது? உட்காதில் நத்தையோடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. வயலில் நெற்பயிர் காற்றுக்கு அசைவதுபோல அவை ஒலிக்கு அசைந்து, அவ்வசைவை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. பெருங்காற்றிற் பயிர் சாய்ந்தால், காற்று அடங்கியபின் ஓரளவு நிமிரும். நாள்தோறுஞ் சாய்த்தால் ஒருநாள் வேரோடு வீழ்ந்துவிடும். வீழ்ந்த பயிருக்கு மறுபோகம் உண்டு. மனிதனின் மயிர்க் கலத்துக்கு மறுபோகம் இல்லை. இறந்த கலம் மீண்டும் முளைப்பதில்லை. பயணம் முடிந்து இறங்கியதும் காதில் இரைச்சல் கேட்பதும், பிறர் பேச்சு தூரத்தில் ஒலிப்பதுபோலத் தோன்றுவதும் பயிர் சாய்ந்துவிட்டது என்பதற்கு அறிகுறிகள். அவை மாலைக்குள் நீங்கிவிடுவதால் நாம் பொருட்படுத்துவதில்லை.

இவ்விழப்பு முதலிற் பேரொலிகளைத் தாக்குவதில்லை என்பதே அதன் வஞ்சகம். செக்கனுக்கு 3,000 முதல் 6,000 வரை அதிர்வுகள் கொண்ட உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. நம் பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தவை, வலியவை. வல்லின மெய்களின் கூர்மையோ உயர்ந்த அதிர்வுகளில் இருக்கின்றது. கடை, படை, சடை, தடை என்னும் நான்கு சொற்களையும் பிரித்தறியச் செய்வது முதலெழுத்தின் மெய்யொலியே. அது மங்கினால், யாரோ பேசுகிறார் என்பது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது.

ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இது சிறிய இழப்பன்று. பல்லாண்டுகள் தாம்போதி வழியே மோட்டார்ச் சைக்கிளிற் பாடசாலைக்கு வந்துபோன ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். திறமையும் கனிவும் உடையவர். நாளடைவில் அவர் வகுப்பிற் பின்வரிசைப் பிள்ளைகளை, “உரத்துச் சொல், வாய்க்குள் முணுமுணுக்காதே” என்று கடிந்துகொள்ளத் தொடங்கினார். மெல்லிய குரலுடைய சிறுமியர் விடை சொல்ல எழுவதையே நிறுத்திவிட்டனர். செவிப்புலச் சோதனை செய்தபோதுதான், குறை பிள்ளைகளின் நாவில் இல்லை என்பது அவருக்கே தெரியவந்தது. ஓர் ஆசிரியரின் செவி மங்கினால் மௌனமாவது வகுப்பு என்பதை அன்று உணர்ந்தோம். அவருடைய செவி மட்டுமே மங்கியதற்குக் காற்றே முழுக் காரணம் என்று யான் தீர்ப்புக் கூறேன், முதுமைக்கும் பங்கிருக்கலாம். எனினும், தவிர்க்கக்கூடிய பங்கைத் தவிர்ப்பது அறிவுடைமையன்றோ?

தவிர்க்கும் வழிகள் அரியன அல்ல.

முதலாவது, வேகத்தைக் குறைத்தல். எதிர்காற்றுள்ள நாளில் வீட்டிலிருந்து பத்து நிமிடம் முந்திப் புறப்படுவது காதுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

இரண்டாவது, தலைக்கவசம். முகத்தையும் நாடியையும் முழுதும் மூடும் கவசம், தலைக்கு இறுகப் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தாற் காற்றும் நுழையும். முகக்கண்ணாடியை இறக்கியே செல்லுதல் வேண்டும். பெரும்பகுதி ஓசை கழுத்துப் பக்கமாகவே புகுகின்றது. ஆதலால் மெல்லிய துணியொன்றைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி அவ்விடைவெளியை அடைத்தாற் கணிசமான பயன் உண்டு. ஆனால் அத்துணியின் நுனிகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். பறக்கும் சால்வையும் சேலைத் தலைப்பும் சில்லிற் சிக்கி உயிரைப் பறிக்கக்கூடும்.

மூன்றாவது, வண்டியின் முன்னே பொருத்தும் காற்றுத்தடுப்புக் கண்ணாடி. இது எப்போதும் நன்மை செய்யும் என்று எண்ணலாகாது. அதன் மேல் விளிம்பிற் சிதறிய காற்று நேரே தலைக்கவசத்தில் மோதுமாயின் ஓசை முன்னையிலும் பெருகும். ஆளில்லாத நேர்த்தெருவில் மெதுவாகச் செல்கையில், தலையைச் சற்றுத் தாழ்த்தியும் நிமிர்த்தியும் பாருங்கள். ஓசை திடீரென மாறினால் கண்ணாடியின் உயரம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்பது பொருள்.

நான்காவதும் தலையாயதும் காதடைப்பான். கிரேக்கப் பெருங்காப்பியமாகிய ஒடிசியில், கடற்கன்னியரின் பாடலுக்கு மயங்காதிருக்க மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைத்த கதை வருகின்றது. இன்று அதற்கு மெழுகு வேண்டியதில்லை. அழுத்தினாற் சுருங்கி மெல்ல விரியும் நுரைப்பொருளாலான சிறு அடைப்பான்கள் மலிவான விலைக்கே கிடைக்கின்றன. கைகளைக் கழுவி, அடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மற்றைக் கையாற் காதின் மேற்பகுதியைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். அழுக்கானால் எறிந்துவிட வேண்டும். காதில் சீழ் அல்லது நோவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமற் பயன்படுத்தலாகாது. வெறும் பஞ்சைத் திணிப்பதாற் பயன் மிகக் குறைவு. காற்றொலியை மறைப்பதற்காகச் செவியொலிக் கருவி பொருத்திப் பாட்டுக் கேட்பதோ, ஓசைமேல் ஓசையை ஏற்றுவதாகும்.

“காதை அடைத்தால் பின்னால் வரும் பேருந்தின் ஊதுகுழல் கேட்குமா?” என்று வினவுவது நியாயமே. அடைப்பான் எல்லா ஒலியையும் தணிக்கின்றது. காற்றொலியும் தணிகின்றது, ஊதுகுழலொலியும் தணிகின்றது. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய அப்படியே நிற்கின்றது. வேகமாகச் செல்லும்போது இரைச்சலில் திகைத்த செவியைவிட, அமைதி பெற்ற செவி எச்சரிக்கையை நன்றாகவே உணரும். செவிப்புலன் முன்னரே குறைந்தவர்க்கு மாத்திரம் இது பொருந்தாமற் போகலாம். அவர் வைத்தியரின் சொற்படி நடப்பாராக. ஊருக்குள் மெதுவாகச் செல்கையில் அடைப்பான் தேவையும் இல்லை.

நேயர்களே, தந்தையின் பின்னால் அமர்ந்து பாடசாலைக்கு வரும் பிள்ளையின் காதும் அதே காற்றிலேயே வருகின்றது. அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பேச்சு தெளிவின்றிக் கேட்கிறதென்றோ, இரைச்சல் நீங்கவில்லை என்றோ தோன்றினால் வெட்கப்படாமல் வைத்தியசாலையிற் செவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிவதை இழிவாகக் கருதாத நாம், காதைக் காப்பதை மட்டும் ஏன் இழிவாகக் கருத வேண்டும்?

சோளகத்தை நிறுத்த நம்மால் இயலாது. அதன் முன்னே தாம்போதியில் மதில் எழுப்பவும் இயலாது. ஆனால் காற்றோடு வாழத் தெரிந்தவர்கள் தீவகத்தார். பாயைத் திருப்பக் கற்ற மக்கள் செவியைக் காக்கவும் கற்றுக்கொள்வார்கள் என்பது என் நம்பிக்கை.