மதிலோரத்தில் ஒரு சிவப்பு ரோசா

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே பெரும்பாலும் தரப்படுகிறது.)



நான் மேடையேறிப் பேசிப் பழகினவன் அல்ல. ஊரிலே ஏ.எல். உயிரியல் எழுதியதோடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கே பக்டரியில் ஒரு கிழமை பகல் வேலை, ஒரு கிழமை இரவு வேலை. செயலாளர்தான், "தம்பி, உம்முடைய வீட்டுப் பின்மதிலிலே ஏறியிருக்கிற ரோசாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்" என்று கேட்டார். அதனால் வந்தேன்.

ஃபாரஸ்ட் கேட்டில் எங்களில் பலருக்குக் கிடைத்திருக்கிற பின்வளவு எவ்வளவு? ஒரு சாரியை நீட்டிக் காயப்போட இடம் காணாது. அதிலும் பாதி சீமெந்து. அகலம் இல்லாத இடத்தில் செடி மேலே போகவேண்டும். நாள்தோறும் பார்க்க நேரமில்லாதவனுக்குத் தன்பாட்டில் நிற்கிற செடி வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்துவது படர்கிற சிவப்பு ரோசா.

ஆனால் நான் யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "வாடகை வீடு, நாளைக்கு எழும்பு எண்டால் எழும்ப வேணும். கேஸ் முடியேல்லை, கடிதம் வரேல்லை. இதுக்குள்ளை ரோசா நட்டு என்ன செய்யிறது?" நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தப் பூ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

எங்களுடைய பிள்ளைகள் விளையாடுகிற வெஸ்ட் ஹாம் பார்க் 1874இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன் அது தனியார் வளவு. 1762இல் ஜோன் பொதகில் என்ற வைத்தியர் அதை வாங்கி, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் செடிகளை வரவழைத்து வளர்த்தார். ஏறத்தாழ 260 அடி நீளக் கண்ணாடிக் கூடங்களில் 3,400 இனங்களுக்கு மேல் இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து சில மைல் தள்ளி, லேட்டனில் நொட்ஸ் கிரீன் என்ற இடம் இருக்கிறது. அங்கே கில்பேட் ஸ்லேற்றர் என்ற கப்பல் வணிகர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பனியோடு தொடர்புள்ளவர். 1790ஆம் ஆண்டையொட்டி, கப்பல் வழியாக அவருக்குச் சீனத்து ரோசா ஒன்று வந்து சேர்ந்தது. அது கல்கத்தாவிலிருந்து வந்ததாகச் சொல்லுவார்கள். அதுவரை ஐரோப்பாவில் இருந்த ரோசாக்களில் பெரும்பாலானவை வருடத்தில் ஒருமுறைதான் பூக்கும். நிறமும் இளஞ்சிவப்பு, ஊதாச் சிவப்பு, வெள்ளை. இரத்தச் சிவப்பும், மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூக்கிற குணமும் சீனத்து ரோசாக்களிடமிருந்து கலந்து வந்தவை. அந்தச் சிவப்புக்குப் பெரிய பங்கு ஸ்லேற்றரின் ரோசாவுக்கு உண்டு. ஆகவே, "இங்கிலிஷ்காரன்ரை பூ" என்று நாங்கள் நினைக்கிற சிவப்பு ரோசாவும் கப்பலேறி வந்து, எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே வேர்விட்டதுதான்.

இனி எந்த ரோசாவை வாங்குவது? கடையிலே படர்கிற சிவப்பு ரோசா பல பெயர்களில் இருக்கும். 'போல்ஸ் ஸ்கார்லட் கிளைம்பர்' பழைய நல்ல இனம், ஆனால் கோடை தொடக்கத்தில் ஒரே தடவையாகப் பூத்து முடிந்துவிடும். சின்ன வளவுக்கு நான் சொல்வது 'டப்ளின் பே'. ஏழு எட்டு அடிக்கு மேலே பெரிதாகப் போகாது. ஆனியில் தொடங்கிக் குளிர் வரும்வரை விட்டுவிட்டுப் பூக்கும். இலை தடிப்பு; நோய் குறைவு. மணம் கொஞ்சம் மெல்லிது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதை உண்டாக்கியவர் சாம் மக்றெடி. வட அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக ரோசா வளர்த்த குடும்பம். 1972இல் அவர் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1975இல் வெளிவந்த இந்தச் சிவப்பு ரோசாவுக்கு, உலகத்தின் மறுமுனையில் இருந்துகொண்டு, அயர்லாந்து விரிகுடா ஒன்றின் பெயரை வைத்தார். அதன் காரணத்தை நான் உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

இந்த ரோசாவுக்கு ஒரு குணம் உண்டு. நட்டவுடனே ஏறாது. முதல் ஒன்றிரண்டு வருடம் வெறும் பற்றை போலவே நிற்கும். "கடைக்காரன் ஏமாத்திப் போட்டான்" என்று சிலர் அடியோடு தறித்துவிடுவார்கள். தறிக்காதீர்கள். வேர் ஊன்றியபின் தான் நெடிய கொப்பு விடும்.

நடுகிற முறையைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து மண் சரளை மண். வொன்ஸ்டெட் பிளாற்ஸ் வெளியில் நடந்தாலே தெரியும். தண்ணீர் நிற்காது, கோடையில் கெதியாகக் காயும். அதனால் எரு முக்கியம். நன்றாக மக்கின மாட்டெருவோ குதிரையெருவோ பையிலே வாங்கலாம். வேர்மட்டும் உள்ள கன்றை நவம்பர் முதல் மார்ச் வரை நடலாம். சாடியில் உள்ளதை இந்தச் சித்திரையிலும் நடலாம், ஆனால் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றவேண்டும்.

அரைநாள் வெயிலாவது படுகிற மதிலைப் பாருங்கள். மதிலோடு ஒட்டி நடவேண்டாம். மதிலடியில் மழைத்தண்ணீர் விழாது. ஒன்றரை அடி தள்ளி, வேரைப்போல் இரண்டு மடங்கு அகலக் கிடங்கு வெட்டி, எருவைக் கலந்து, கன்றை மதிலை நோக்கிக் கொஞ்சம் சரித்து வையுங்கள். ஒட்டுப்போட்ட முண்டு மண்மட்டத்தில் இருக்கட்டும். காலால் இறுக்கி, ஒரு வாளி தண்ணீர். முதல் வருடம் மழையில்லாத கிழமைகளில் கிழமைக்கு இரண்டு தடவை ஒவ்வொரு வாளி. அதற்குப் பிறகு கடும் வெயிலில் மட்டும். ஏற்கெனவே ரோசா நின்று பட்டுப்போன இடமென்றால் அதிலே நடவேண்டாம், அல்லது மண்ணை மாற்றிவிட்டு நடுங்கள்.

மதிலில் குறுக்காகக் கம்பி இழுக்கவேண்டும். முதற் கம்பி தரையிலிருந்து ஒன்றரை அடி, பிறகு ஒரு அடிக்கு ஒன்று. வீட்டுக்காரர் ஆணியடிக்க விடாவிட்டால் இரண்டு மரத்தூணை நிலத்தில் ஊன்றி அதிலே இழுங்கள்.

கொப்பை நேரே மேலே விட்டால் உச்சியில் மட்டும் பூக்கும். அது பக்கத்து வீட்டு மாடிக்காரருக்குத்தான் தெரியும். கொப்பு இளசாக இருக்கும்போதே மெதுவாக வளைத்து, விசிறிபோலச் சரித்துக் கட்டவேண்டும். ஏ.எல். படித்தவர்களுக்கு உச்சியாட்சி நினைவிருக்கும். நுனியிலிருந்து இறங்குகிற ஓட்சின் பக்க அரும்புகளை அடக்கி வைக்கும். கொப்பைச் சரித்தால் அந்த அடக்கம் தளரும். கணுவுக்குக் கணு அரும்பு வெடித்து, அடி முதல் நுனி வரை பூக்கும். பந்தலிலே பாகற்கொடியைப் பரப்பின எங்கள் அம்மாமாருக்கு இது புதினமல்ல.

வருட வேலை இவ்வளவுதான். மாசி மாதமளவில் காய்ந்த கொப்பை எடுத்து, பூத்த பக்கக் கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு விட்டு வெட்டுதல். அடியில் எரு பரப்புதல். கோடையில் வாடின பூவைக் கிள்ளுதல். ஒட்டுக்குக் கீழிருந்து வருகிற காட்டுத் தளிரை வேரோடு இழுத்தெடுத்தல். அசுவினிப் பூச்சிக்கு மருந்து அடிக்கவேண்டாம். விரலால் துடையுங்கள், மிச்சத்தைப் பொறிவண்டும் குருவியும் பார்த்துக்கொள்ளும்.

கரும்புள்ளி நோய் மட்டும் கவனம். இது ஒரு பங்கசு. அந்தக் காலத்து லண்டனில் இது குறைவு, ஏனென்றால் நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகவீரொட்சைட்டு பங்கசைக் கொன்றது. அதே புகை 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கான மனிதரையும் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து காற்று சுத்தமாகிவர, புள்ளியும் வந்தது. புள்ளி வந்தாலும் எங்களுக்கு நல்ல காற்றுத்தான் வேண்டும். இலை தொடர்ந்து ஏழெட்டு மணித்தியாலம் ஈரமாக இருந்தால் நோய் பிடிக்கும். ஆகவே தண்ணீரை அடியிலே ஊற்றுங்கள், இலையில் அல்ல. விழுந்த இலையைக் கூட்டி அள்ளுங்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். நாளைக்கு எழும்பச் சொன்னால்?

ஒன்று, பெரிய சாடியில் நடலாம். ஒன்றரை அடி அகலமும் ஆழமும் வேண்டும், 'ஜோன் இனஸ் 3' மண்ணை நிரப்புங்கள். போகும்போது சாடியோடு போகலாம். இரண்டு, அக்டோபரில் அந்த வருடத்துக் கொப்பிலே பென்சில் பருமனில் ஒரு சாண் தடி வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகச் செருகிவிடுங்கள். எல்லாம் பிடிக்காது, நாலு வைத்தால் ஒன்றிரண்டு பிடிக்கும். அடுத்த வருடம் அது உங்கள் கன்று. தாய்ச்செடி அங்கேயே நிற்கட்டும். பிறகு வருகிற குடும்பம் எந்த நாட்டுக் குடும்பமோ, அவர்களுக்கும் பூக்கட்டும்.

என்னுடைய அம்மா ஊரிலிருந்து போனில் கதைக்கும்போது, முதல் வருடங்களில் "கடிதம் வந்ததோ?" என்று கேட்பா. இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்து, கேட்டுக் கேட்டு அவவுக்கும் அலுத்தது. ரோசா நட்டபிறகு "இண்டைக்கு எத்தினை பூ?" என்று கேட்கிறா. அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கிறது. கடிதம் எங்கள் கையில் இல்லை. மண்வெட்டி எங்கள் கையில் இருக்கிறது. கடிதம் வரட்டும், பிறகு நடுவோம் என்று இருந்தால் கடிதம் வருகிற அன்றைக்கும் வளவு சீமெந்தாகவே இருக்கும். இந்த ரோசா ஏறவே இரண்டு வருடம் எடுக்கும். அந்த இரண்டு வருடத்தை நாங்கள் எப்படியும் இங்கே கழிக்கத்தான் போகிறோம்.

சித்திரை வருடப்பிறப்பிலே நல்ல நேரம் பார்த்து வேலை தொடங்குவது எங்கள் வழக்கம். இந்த வருடம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கைவிசேடத்தில் கொஞ்சம் சேர்த்து, அவர்கள் கையாலேயே ஒரு கன்றை நடுவியுங்கள். வாங்க வசதியில்லாதவர்கள் அக்டோபரிலே என்னிடம் வாருங்கள், தடி வெட்டித் தருவேன். இரவு வேலைக் கிழமையென்றால் பின்னேரம் வாருங்கள், காலையில் நித்திரையாயிருப்பேன்.

எல்லாருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.