எட்டுக் கெஜத்தின் உரிமை



ஸ்காட்லாந்து ஆடவர் இடையில் அணியும் 'கில்ட்' என்னும் மடிப்பாடையைப் படங்களில் கண்டிருக்கிறோம். கண்டு நகைத்தோரும் நம்முள் உண்டு. வேட்டி உடுப்போர் நகைப்பது பொருந்துமோ, அது வேறு! முழு கில்ட்டுக்கு ஏறத்தாழ எட்டுக் கெஜம் கட்டம் போட்ட கம்பளித் துணி வேண்டும்.

1746-இல் கலோடன் போரில் ஸ்டூவர்ட் மரபினருக்காகப் பொருத மலைநாட்டார் தோற்றனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவ்வுடையைத் தடுத்தது. உடுத்தவனுக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை உடுத்தால் ஏழாண்டு நாடுகடத்தல். பட்டாளத்தாருக்கு மட்டும் விலக்கு. 1782-இல் தடை நீங்கிற்று. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே அதனை அணிந்து எடின்பரோவில் தோன்றினார். இன்ன குலத்திற்கு இன்ன கட்டம் என்னும் வழக்கம் பெரிதும் அதன் பின்னரே வலுப்பெற்றது.

ஆகவே, பஞ்சாபித் தந்தைக்கும் ஸ்காட்லாந்துத் தாய்க்கும் பிறந்த இளைஞன், "பாதி இரத்தத்திற்கு இது தகுமா?" என்று கூச வேண்டுவதில்லை. தடுக்கும் சட்டம் இன்று ஏதுமில்லை. தாய்வழிக் குலத்தின் கட்டத்தை அவன் உடுத்தலாம். 2009 முதல் அரசுப் பதிவேட்டில் புதுக் கட்டங்களையும் பதியலாம். தலைப்பாகையும் கில்ட்டுமாக மணமேடையில் நிற்கும் சீக்கியரும் அங்கு உளர்.

நம் காலனியிலும் கலப்பு மணத்துப் பிள்ளைகள் உண்டு. சென்ற பொங்கல் விழாவிற்கு வேட்டி உடுத்து வந்த சிறுவனிடம், "உனக்குமா வேட்டி?" என்று சிலர் கேட்டனர். கேட்டோருள் நாமும் இருந்தோம். பின்னர் அவன் வேட்டி உடுக்கவில்லை. இன்று அவன் பெற்றோருடன் வந்திருக்கிறான். நாலு முழ வேட்டி ஒன்று வாங்கி வந்துள்ளோம்.