நரம்பு சுருட்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும்

அச்சரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையோரக் கடைகளில் காலையில் திறந்து இரவு சாத்தும்வரை நின்றபடியே வேலை பார்க்கிறவர்கள் உண்டு. ஓட்டல் அடுப்படியிலும் அதே கதைதான். வருஷக்கணக்கில் இப்படி நின்றால் சிலருக்குக் கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாக நரம்பு புடைத்து நெளிந்துவிடுகிறது. ஊரில் நரம்பு சுருட்டு என்பார்கள். மருத்துவர் சீட்டில் வெரிகோஸ் வெயின் என்றிருக்கும். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. எப்போதோ வந்திருக்க வேண்டிய திருத்தம்.

காலிலிருந்து மேலே ஏறும் ரத்தம் திரும்ப இறங்கிவிடாமல் தடுக்க, நாம் நரம்பு என்கிற சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அவை பழுதானால் ரத்தம் தேங்கும், சிரையின் சுவர் தளரும். அழுத்தம் கூடக்கூடச் சிவப்பணுக்கள் சுற்றியுள்ள திசுவில் கசியும். அதிலுள்ள இரும்புச்சத்து படிந்துதான் கணுக்கால் கறுக்கிறது. பிறகு தோல் இறுகி, மெலிந்து, புண்ணாகும்.

நரம்பு சுருட்டு உள்ளவரே இதயத்துக்காக வார்ஃபரினோ அசெனோகுமராலோ சாப்பிடுகிறவராக இருந்தால்? ‘ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரைதானே, நரம்பும் சரியாகிவிடும்’ என்று நம்புகிறவர்கள் பலர். ஆகாது. இந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை; வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, உறைவதைத் தாமதப்படுத்துகிறது. கெட்ட வால்வை அது தொடுவதே இல்லை.

இந்த மாத்திரையின் பூர்வீகம் மாட்டுத் தொழுவம். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடம் காரணத்தைப் பிடித்தது. அதன் வழியே பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து, 1954-இல் மனிதருக்கும் மருந்தானது.

சுருண்ட சிரையிலேயே ரத்தம் உறைந்து, கயிறுபோல் விறைத்து, சிவந்து வலித்தால் மட்டும் உறைவைத் தடுக்கும் மருந்துக்கு நேரடி வேலை இருக்கிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், காலின் மேற்புறச் சிரையில் ரத்தம் உறைந்த சுமார் 3,000 பேரில் பாதிப் பேருக்கு, உறைவைத் தடுக்கும் ஃபோண்டாபரினக்ஸ் ஊசி 45 நாள் போடப்பட்டது. உறைவு பரவுவது போன்ற சிக்கல்கள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு; போடாதவர்களில் ஏறக்குறைய ஆறு பேர்.

மறுபக்கம், இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மெலிந்த தோலில் கட்டில் கால் இடித்தாலே ரத்தக்கட்டு பெரிதாகிறது. சொறிந்த இடத்தில் சிரை உடைந்தால் ரத்தம் பீய்ச்சும், வலியே இருக்காது. அதைப் பார்த்து அந்த ஆளை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அது தவறு, கால் தொங்கினால் அழுத்தம் ஏறும். உடனே படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நிற்காவிட்டால் 108-ஐ அழைத்து, மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பயத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. செயற்கை இதய வால்வு உள்ளவருக்கு அதனாலேயே பக்கவாதம் வரலாம். அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்வார். அந்தப் பரிசோதனைக்கும் அறுவைச் சிகிச்சை ஆலோசனைக்கும் சுமார் 40 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.